கடிபட்டவர்: எவருமில்லை

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. விலங்கு நோய் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் என்னை ஒரே நாற்காலியில் உட்கார வைத்தது அதுதான். வெளியிலிருந்து வரும் மாதிரிகளுக்கு, பெரும்பாலும் செத்த நாய்களின் தலைகளுக்கு, எண் போட்டுப் படிவம் நிரப்பி உள்ளே அனுப்புவது என் வேலை. மூன்றாம் நாள் முடிவுச் சீட்டு வரும். வெறிநோய் உண்டு என்று வந்தால், படிவத்தில் ‘கடிபட்டவர்’ என்ற கட்டத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் வீட்டுக்கு அன்றே ஆள் போகும். உடனே ஊசி போட்டுக்கொண்டவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். போடாமல் விட்டு, நோய் தலைகாட்டிவிட்டால், பிறகு கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். இது எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

விசாரணைக்கு வந்தபோது நீங்கள் என்னிடம் கேட்டதெல்லாம் சீட்டியைப் பற்றித்தான். சீட்டி எங்கள் ஆய்வுக்கூட வண்டியை ஓட்டுபவன். எந்நேரமும் சீட்டியடித்துக்கொண்டே இருப்பான், அதனால் அந்தப் பெயர். என் மனைவியின் சாவுக்குத் தானே காரணம் என்று உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறான். சொல்லட்டும் என்று இரண்டு வாரம் இருந்துவிட்டேன். நேற்று அவன் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, வண்டிச் சாவியை என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனான். சீட்டியடிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் குட்டியை அவன் கொடுத்தது உண்மை. ஒரு திங்கட்கிழமை காலை என் மேசை மேல் கண்ணாடிக் குடுவைகள் வரும் அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. கதவுக்குப் பின்னால் நின்றபடி சொன்னான்:

“அண்ணே, பெட்டியத் திறங்க. ஆனா கத்தக் கூடாது.”

திறந்தேன். உள்ளே ஒரு நரிக்குட்டி. இரண்டு கைக்குள் அடங்கும். பழுப்பும் சாம்பலுமாக, கோபமான முகத்தோடு என்னைப் பார்த்தது.

“எனக்கு எதுக்குடா இது?”

“உங்களுக்கு யார் கொடுத்தா? அண்ணிக்கு. தாய் நரி ரோட்டுல அடிபட்டுக் கிடந்துச்சு. இது பக்கத்துலயே உக்காந்திருந்துச்சு. அண்ணிக்குக் கைக்கு ஒரு வேலை வேணும்ணே. நீங்க ரெண்டு பேரும் வீட்டுல பேசிக்கிறதே இல்லன்னு ஊருக்கே தெரியும்.”

அவன் அப்படித்தான் பேசுவான். அவன் விடுப்பு விண்ணப்பங்களையெல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பேன். அதற்கு நன்றி சொல்ல அவனுக்குக் கிடைத்தது ஒரு நரி.

அவன் சொன்னதும் பொய்யில்லை. எங்கள் ஒரே மகளுக்குக் காய்ச்சல் கொதித்தபோது, விடியட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவன் நான். விடிந்தபோது பார்க்க எதுவும் இல்லை. அதற்குப் பிறகு ஏழு வருடம், சோறு வைத்திருக்கிறேன், கதவைச் சாத்துங்கள், இவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. அவள் சண்டை போட்டதில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குட்டிக்குத் ‘திருடி’ என்று பெயர் வைத்தாள். முதல் நாளே அது அவளுடைய செருப்பைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது. “அடியேய், குடுடி அத” என்று அவள் சிரித்தபோது நான் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஏழு வருடம் ஆகியிருந்தது.

பாலில் துணியை நனைத்துக் கொடுப்பாள். பிறகு இறைச்சியை நுணுக்கி ஒரு பீங்கான் தட்டில் வைப்பாள். திருடி இன்றைக்கு என்ன செய்தாள் என்று என்னிடமே சொல்லுவாள். சீட்டி வந்தால் மூவரும் உட்கார்ந்து தேநீர் குடிப்போம். “அண்ணே, உங்க மூஞ்சியில சிரிப்பு வருது, பாத்து, சுளுக்கிக்கப் போகுது” என்பான். நான் மகிழ்ச்சியாக இருந்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வாரம் அவள் சொன்னாள்: “என்னங்க, இது வளந்துட்டா இந்த வீடு பத்தாது. அக்கா வீட்டுக்குப் பின்னாடி காடுதானே. நான் இதக் கூட்டிக்கிட்டு அங்கயே போயிடலாம்னு இருக்கேன்.”

“எத்தனை நாளைக்கு?”

“போறதுன்னா போறதுதான்.”

கோபமாகச் சொல்லவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள். அக்காவுக்கு ஏற்கெனவே தகவல் போயிருந்தது. நானும் சரி என்றேன். எனக்கு அவள்மேல் வருத்தம் எதுவும் இல்லை. அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

அடுத்த வாரம் குட்டி பால் குடிக்காமல் முரண்டு பிடித்தது. வாயோரம் எச்சில் ஒழுகியது. தட்டை நகர்த்தப்போன அவள் கட்டைவிரலை வெடுக்கென்று கடித்தது. இரண்டு பல் பதிந்த அளவுதான். “பல்லு முளைக்குதுல்ல, அதான் எரிச்சல்” என்று விரலை வாயில் வைத்துக்கொண்டாள். அதைப் பிடித்துப் பெட்டியில் போடும்போது என் மணிக்கட்டிலும் ஒரு கீறல் விழுந்தது.

மறுநாள் அவள் எழுந்திருக்கும் முன் பெட்டியைத் திறந்து பார்த்தேன். செத்திருந்தது. செய்தித்தாளில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போனேன். பொறுப்பில்லாதவன் இதைச் செய்யமாட்டான். படிவம் எடுத்து நிதானமாக எழுதினேன். விலங்கு: நரிக்குட்டி. கிடைத்த இடம்: சாலையோரம். கடிபட்டவர்: எவருமில்லை. முடிவு தெரிவதற்கு முன் ஒருவரை எதற்காகப் பயமுறுத்த வேண்டும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

மாலை வீட்டுக்குப் போனபோது அவள் பின்வாசலில் நின்றிருந்தாள்.

“திருடியக் காணோம்.”

“காலையில கதவத் திறந்தேன், ஓடிட்டா” என்றேன். “வருவா. சோறு கண்ட இடம் மறக்குமா?”

மூன்றாம் நாள் சீட்டு வந்தது. வெறிநோய் உண்டு. கடிபட்டவர் எவருமில்லை என்பதால் ஆள் அனுப்ப வேண்டியதில்லை என்று நானே பதிவேட்டில் எழுதி, கோப்பில் சேர்த்தேன்.

அன்று மாலை அவளிடம் சொல்லத்தான் போனேன். பின்வாசல் படியில் பீங்கான் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். “அக்காகிட்ட இப்போதைக்கு வரலன்னு சொல்லிட்டேன்” என்றாள். “இது திரும்பி வந்து பாத்து, நான் இல்லன்னா?” பிறகு கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். நான் உட்கார்ந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் நான்தான் முதலில் எழுந்தேன். தட்டிலிருந்த இறைச்சியை எடுத்துத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அவள் வெறும் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள். “என்னங்க, வந்துட்டுப் போயிருக்கா!” என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அதற்குப் பிறகு தினமும் அதைச் செய்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. மழை பெய்த நாளில் படியோரச் சேற்றில் இரண்டு விரலால் தடம்கூட வைத்தேன். நாற்பத்தைந்து நாள் என் மனைவி மகிழ்ச்சியாக இருந்தாள். பலருக்கு ஆயுள் முழுக்கவும் அது வாய்ப்பதில்லை.

நாற்பத்தாறாம் நாள் கட்டைவிரல் குறுகுறுக்கிறது என்றாள். மறுநாள் தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை. அடுத்த நாள் டம்ளரைப் பார்த்தாலே கழுத்து வெட்டி இழுத்தது. மருத்துவமனையில் மருத்துவர் எதுவும் கடித்ததா என்று கேட்டார்.

“ஒரு நரிக்குட்டி பல்லு வச்சுச்சு டாக்டர். ஆனா அது நல்லாத்தான் இருக்கு. இன்னைக்கு வரைக்கும் வந்து சாப்பிட்டுட்டுப் போகுது. நோய் இருந்தா வருமா? இவரக் கேளுங்க.”

மருத்துவர் என்னைப் பார்த்தார்.

“காலையில தட்டு காலியாத்தான் இருக்கும்” என்றேன். அது பொய்யில்லை.

நான்காம் நாள் போய்விட்டாள். கட்டிலோடு கட்டியிருந்தார்கள். கடைசியாக அவள் தெளிவாகச் சொன்ன வார்த்தை, “தட்டு வைக்க மறந்துடாதீங்க” என்பதுதான். நான் மறக்கவில்லை. இப்போதும் வைக்கிறேன்.

ஆகவே சீட்டியை விட்டுவிடுங்கள். அவன் ஒரு குட்டியைக் கொடுத்தான், அவ்வளவுதான். சீட்டு வந்த அன்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளை வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஊசிக்கு ஓடியிருப்பான். அதனால்தான் அவனிடமும் குட்டி ஓடிவிட்டது என்றே சொன்னேன். படிவம் எங்கள் கோப்பு அலமாரியில் இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. யாரும் அடையாளம் காட்ட வேண்டியிருக்காது.

வருகைப் பதிவேட்டில் ஐந்து நாள் மதியம் நான் அரைமணி நேரம் வெளியே போனதாக இருக்கும். அதையும் நீங்கள் கேட்பீர்கள். அடுத்த தெருவிலிருக்கும் மருத்துவமனைக்குப் போனேன். என் மணிக்கட்டிலும் கீறல் இருந்ததல்லவா. சீட்டு வந்த அன்று முதல் ஊசி. பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபத்தெட்டாம் நாள். ஒன்றுகூடத் தள்ளிப்போடவில்லை. இந்த விஷயத்தில் தள்ளிப்போடக் கூடாது.

ஊசி போட்ட இடம் வலிக்கும். முதல் நாள் மாலை நான் தோளைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “என்ன, கை வலிக்குதா?” என்றாள். பழைய வலி என்றேன். துணியை வெந்நீரில் பிழிந்து எடுத்துவந்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒத்தடம் கொடுத்தாள். அவள் கட்டைவிரலில் இரண்டு புள்ளிகளும் ஆறத் தொடங்கியிருந்தன. ஐந்து முறையும் அப்படியே கொடுத்தாள். ஐந்தாவது முறை துணி ஆறிப்போன பிறகும் கையை எடுக்கவில்லை. ஆறாவது ஊசி என்று ஒன்று இருந்திருக்கலாம் என்று அப்போது நினைத்தேன்.