ஆட்டுக்கழுத்து வளைவில் ஒரு கார் டயர்

தேங்காய்க் கேக்குகள் அடுக்கியிருந்த மேஜையின் மேல் நான் ஒருமுறை மோட்டார் சைக்கிளைச் சாய்த்திருக்கிறேன். வேண்டுமென்று செய்ததல்ல. எங்கள் மோட்டார் சைக்கிள் சங்கத்தார் தேவாலய வாசலில் கூடிக் கெளுத்தி மீன் பொரித்துச் சாப்பிடும் சனிக்கிழமை அது. பின்சக்கரத்துக்குக் கார் டயர் போட்டால் வண்டிக்கு ஸ்டாண்டே தேவையில்லை, பெட்டி மாதிரி தானாக நிற்கும் என்று நான் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்கம் சூடு பிடித்தபோது இரண்டு கைகளையும் எடுத்துவிட்டேன். வண்டி ஒரு கணம் நின்றது. நான் நம்பிவிட அந்தக் கணம் போதுமானதாக இருந்தது. பிறகு நான்கைந்து ஆள் கனத்துடன் மெதுவாகக் கேக்குகளின் மேல் படுத்தது.

"டேய் வெர்லின், உன்னைத் திங்கச் சொன்னா வண்டிக்கு ஊட்டி விடுறியேடா," என்றான் டெல்மர். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி ஒலீட்டா போன அக்டோபரில் இறந்த பிறகு யாரும் என் முன்னால் சத்தமாகச் சிரித்ததில்லை. டெல்மர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வண்டியைத் தூக்க ஒரு கை கொடுத்தான். கைப்பிடியில் ஒட்டியிருந்த கிரீமை விரலால் வழித்து நக்கினான். "சரிடா. எனக்கும் ஒண்ணு மாட்டி விடு," என்றான்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், நான் அவனை வற்புறுத்தவில்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். துணை ஷெரீப்பாகிய நீங்கள் கேட்டது டயரைப் பற்றி மட்டும்தான். டயரிலிருந்தே தொடங்குகிறேன்.

மோட்டார் சைக்கிள் டயரின் முகம் உருண்டையாக இருக்கும், அதனால் வளைவில் வண்டி தானாகச் சாயும். கார் டயரின் முகம் தட்டை. அதைச் சாய்க்க வேண்டுமானால் கைப்பிடியை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் நிமிர்ந்துகொள்ளும். ஆனால் நாள்பட உழைக்கும். எங்களைப் போல் ஓய்வு பெற்றதும் ஒரே கோடையில் நாட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். கடைக்காரர்கள் யாரும் இதை மாட்டித் தரமாட்டார்கள். அதனால் அவரவர் கொட்டகையில் மாட்டிக்கொள்கிறோம். இதற்கு எங்களுக்குள் 'இருண்ட பக்கம் போவது' என்று பெயர். வயதானவர்கள் வைத்துக்கொள்ளும் பெயர்தான், மன்னித்துவிடுங்கள்.

ஒலீட்டாவுக்கு அந்த டயர் பிடிக்கவில்லை. "இது சாய மாட்டேங்குது, வெர்லின். பின்னாடி உக்காந்தா முதுகுக்குத் தெரியுது," என்பாள். ஒவ்வொரு தடவையும் நான் அவள் எடையை வைத்து ஒரு வேடிக்கை சொல்லி முடித்துவிடுவேன். அவளும் என் முதுகில் ஒரு குத்து குத்திவிட்டுப் பேச்சை விட்டுவிடுவாள்.

ஆற்றுப் பாலம் தாண்டியதும் வரும் ஆட்டுக்கழுத்து வளைவு உங்களுக்குத் தெரியும். போகப் போக இறுகும் இடது வளைவு. அந்த அக்டோபர் நாளில் எனக்குப் பாலம் வரை நினைவிருக்கிறது. அடுத்தது புல். நடுவில் ஒன்றுமில்லை. புல்லில் எனக்கு ஒரு சிராய்ப்பு. அவளை நான் பள்ளத்தில் இறங்கித் தேட வேண்டியிருந்தது.

பிறகு எல்லோரையும் கேட்டேன். நெடுஞ்சாலைக் காவலர் சரளைக் கல்லாக இருக்கும் என்றார். பாதிரியார் கர்த்தரின் அழைப்பு என்றார். என் வண்டிக்கு நேர் பின்னால் வந்தவன் டெல்மர். அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவள் அவன் மனைவி ஆர்டித். "கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சு போச்சுடா, என்னத்தைப் பாத்தோம்," என்றான் டெல்மர். ஆர்டித் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மனிதன் இதைத் தெரிந்துகொள்ளாமல் எப்படி இருப்பான்? டயர்தான் காரணம் என்றால் என் மனைவியைக் கொன்றது நான். டயர் இல்லையென்றால் நான் இல்லை. மூன்றாவதாக ஒரு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆகவே சோதித்துப் பார்ப்பது நியாயம் என்று பட்டது.

முதலில் நானே கார் டயருடன் அந்த வளைவில் போய் வந்தேன், பலமுறை. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பயந்து ஓட்டுகிறவனை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பயப்படத் தெரியாத ஆள் வேண்டும். அதனால் கேட்டவர்களுக்கெல்லாம் கார் டயர் மாட்டிக் கொடுத்தேன், கேட்காதவர்களையும் கேட்க வைத்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களை ஆட்டுக்கழுத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வரிசையில் முன்னால் போகிறவர் தலைக்கவச ரேடியோவில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே போக வேண்டும்: சரளை இருக்கிறது, மான் நிற்கிறது, வளைவு இறுகுகிறது. பின்னால் வருகிறவர்கள் அந்தக் குரலை நம்பித்தான் ஓட்டுகிறார்கள். முன்னால் போகிறவன் எப்போதும் நான்தான். ஆட்டுக்கழுத்து வந்ததும் நான் ரேடியோவில் பேசுவதை நிறுத்திக்கொள்வேன். எச்சரித்தால் சோதனை கெட்டுவிடும் அல்லவா? முதலில் வந்தவர் எங்கள் சங்கத்து ஹோய்ட். என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே வளைந்து வந்து சேர்ந்தார். அன்று நன்றாகத் தூங்கினேன். அடுத்து வந்தவர்களும் நன்றாகத் தூங்க வைத்தார்கள்.

ஆனால் அவர்கள் எல்லோரும் தனியாக ஓட்டியவர்கள். ஒலீட்டா எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஆர்டித்தும் ஒலீட்டாவும் ஒரே உடம்புவாகு, மழைக்கோட்டை மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். ஆகவே கேக் மேஜை அருகே டெல்மர் அப்படிக் கேட்டபோது, என் ஜெபம் கேட்கப்பட்டது என்றுகூட நினைத்தேன்.

என் கொட்டகையில் டயரை மாட்டினோம். டெல்மர் சக்கரத்தை அமுக்கிப் பார்த்தான்.

"காத்து கம்மியா இருக்கே?"

"மெத்தை மாதிரி இருக்கும்டா. உன் பின்பக்கத்துக்கு இந்த வயசுல மெத்தைதான் லாயக்கு."

"என் பின்பக்கத்தை நீ எப்படா பாத்த?" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒலீட்டா இறந்த நாளில் என் டயரில் இருந்த காற்று அதே அளவுதான். அன்று அவள் மடியில் பானங்கள் வைக்கும் சின்னக் குளிர்ப்பெட்டி வைத்திருந்ததால், ஆர்டித்தையும் ஒன்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். வழியில் எனக்குத் தாகம் எடுக்கும் என்றேன். "உங்க தாகத்துக்கு நான் கழுதையா?" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

இந்த முறை யாரும் சரளை என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, முந்தின நாள் துடைப்பத்துடன் போய் வளைவு முழுவதையும் பெருக்கினேன். வெயில் கடுமை. அக்கறை இல்லாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

பாலம் தாண்டியதும் நான் பேச்சை நிறுத்தினேன். "முன்னாடி போறவரே, தூங்கிட்டீங்களா? எங்களுக்கும் ஒரு தலகாணி அனுப்புங்க," என்று டெல்மரின் குரல் ரேடியோவில் வந்தது.  பின்புறக் கண்ணாடியில் பார்த்தேன். அவன் வண்டி சாய்ந்தது. பிறகு யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல் நிமிர்ந்தது. நிமிர்ந்தபடியே நேராகப் போய்விட்டது.

உண்மையைச் சொல்வதானால், எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல. 'அப்படியானால் டயர்தான்' என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் வண்டியை நிறுத்தி ஓடினேன். டெல்மர் உயிரோடு இல்லை. ஆர்டித்துக்கு இடுப்பெலும்பு உடைந்திருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எனக்கு வேறொன்றும் தோன்றிவிட்டது: டெல்மருக்கு மணிக்கட்டில் மூட்டுவலி. அமுக்கப் பலம் இருந்திருக்காது. ஆக இதுவும் நிரூபணம் ஆகாது. அவனை இழந்ததுதான் மிச்சம். நான் அவனுக்காக இப்போதும் அழுகிறேன். அதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை.

நீங்கள் உங்கள் அறிக்கையில் விபத்துக்குக் காரணம் ஓட்டியவரின் வயது என்று எழுதி முடித்துவிடத் தயாராக இருந்தீர்கள். நான்தான் உங்களை உட்காரச் சொன்னேன். காரணம், நேற்று மதியம் ஆர்டித்தைப் பார்க்க மருத்துவமனைக்குப் போயிருந்தேன்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காற்று, குளிர்ப்பெட்டி, துடைப்பம், ரேடியோ. கண்ணைச் சிமிட்டாமல் கேட்டாள். முடித்த பிறகு, இத்தனை மாதமும் எல்லோரிடமும் கேட்டதை அவளிடம் கேட்டேன்.

"ஆர்டித், நீ பின்னாடி இருந்து பாத்தவ. ஒலீட்டாவைக் கொன்னது அந்த டயரா?"

தண்ணீர் கேட்டாள். உறிஞ்சுகுழலைப் பிடித்துக் கொடுத்தேன். நிதானமாகக் குடித்தாள்.

"டயர் ஒண்ணும் பண்ணல. நீங்க ரேடியோல ஒரு ஜோக் சொன்னீங்க. நாங்க சிரிக்கல. சிரிக்கிறோமான்னு பாக்கத் தலையை முழுசாத் திருப்பினீங்க. ஒலீட்டா உங்க தோளைத் தட்டிக்கிட்டே இருந்தா. நீங்க எங்களையே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"ஏன் சொல்லல?"

"அவரு சொல்ல விடல. டயரைக் குத்தம் சொல்லிக்கிட்டாவது நீங்க உயிரோட இருப்பீங்கன்னாரு. கேக் மேல வண்டியைப் போட்டுட்டு நின்னீங்களே, அன்னைக்கு வீட்டுக்கு வந்து, 'அவன் மாட்டுற டயர்ல நாம ஒரு சுத்து போயிட்டு வந்துட்டா அவன் மனசு ஆறும்'னாரு. அதுக்குத்தான் மாட்டினாரு."

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைக் கிளப்பினார்கள். 

"அப்போ டெல்மர்? அவனுக்கு மணிக்கட்டு வலிதானே?" என்று கேட்டேன்.

"இல்ல. அது டயர்தான், வெர்லின்," என்றாள். "நான் அவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். கடைசி வரைக்கும் அமுக்கிக்கிட்டேதான் இருந்தாரு. வண்டி மறுபடி சாயல."