கடைசி வாங்குக்கு வந்த கிண்ணம்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் சபை மூப்பர் அவர்களே, மாவடிப்பள்ளியில் எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டுத் தரும் வட்டை விதானை பதியுதீன் அவர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் போதகர் அம்மா அவர்களே, கல்முனையிலிருந்தும் தம்பிலுவிலிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் வந்திருக்கும் அன்பர்களே!

போதகர் நத்தானியேல் கனகரெத்தினம் ஐயா மறைந்துவிட்டார். அவரைப் புகழப் பலர் வந்திருக்கிறீர்கள். அவருடைய வீட்டுக் கூரை ஒழுகியபோது எட்டிப் பாராதவர்களும் வந்திருக்கிறீர்கள். இருக்கட்டும். அதைக் கதைக்க நான் இங்கே நிற்கவில்லை.

எப்படிப்பட்ட போதகர் அவர்! பழைய உடன்படிக்கைக்கும் புதிய உடன்படிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை நான் பல்கலைக்கழகத்தில் படித்தேன். விளங்கியதோ கன்னக் கூட்டத்தில். விதைப்புக்கு முன் விவசாயிகள் கூடித் தீர்மானம் எடுக்கும் அந்தக் கூட்டத்துக்கு ஐயாவும் வந்திருந்தார். வாய்க்கால் துப்புரவாக்குவோம், மாடுகளைக் கட்டுவோம், தவறினால் எங்கள் தண்ணீரை வெட்டலாம் என்று எல்லாரும் கை உயர்த்தினோம்.

"இதுதான் சீனாய் மலை" என்றார் ஐயா. "ஆண்டவர் சொன்னதெல்லாம் செய்வம் எண்டு முழுச் சனமும் ஒத்துக்கொண்டிச்சி. மோசே மலையால இறங்கி வாறதுக்குள்ள கும்பிடப் பொன் கன்றுக்குட்டியைச் செஞ்சி வச்சிற்று."

விதானையார் சிரித்தார். "நம்மட வயல் வட்டையும் அப்பிடித்தான் போதகர். கூட்டம் முடிய முதல் மாடு வயலுக்குள்ள நிக்கும். சரி, உங்கட புது உடன்படிக்கையில தண்ணி வெட்டுறது ஆரு?"

"வெட்டுறதில்ல விதானையார். பிழை செஞ்சவன்ட தண்டனையைக் கட்டளை போட்டவரே சுமந்திற்றார். கல்லில எழுதின சட்டத்தை இனி மனசுக்குள்ள எழுதுவன் எண்டவர். சட்டம் குறையல்ல. எழுதுற இடம்தான் மாறிச்சி."

"எங்கட மார்க்கம் வேற. ஆனா கதை விளங்குது" என்றார் விதானையார். "வாங்க, தேத்தண்ணி குடிப்பம்."

எனக்கும் விளங்கியது. அதனால்தான் கோபம் வந்தது. என் வரம்பை வெட்டித் தண்ணீரை இறக்கி, கதிர் வெளிவருமுன் குடலைப் பருவத்தில் நின்ற என் நெல்லைக் காயவிட்டவன் யார்? என் உடன்பிறந்த தம்பி ஜெயசீலன். அதோ, வாசலோரம் நிற்கிறான். அவனுக்குத் திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கக்கூடாது என்று கேட்க ஐயாவிடம் போனேன்.

"அவன் மன்னிப்புக் கேக்கட்டும். அதுவரைக்கும் அவன் முழங்காலிடுற இடத்தில நான் முழங்காலிடமாட்டன்."

"நீங்க பழைய உடன்படிக்கையில நிண்டு கதைக்கிறீங்க சேர்" என்றார். "மறிக்க எனக்கு அதிகாரமில்ல. அது என்ட மேசை இல்ல, ஆண்டவர்ட மேசை."

நான் தேவாலயத்தில் எல்லா இருக்கைகளுக்கும் பின்னாலுள்ள கடைசி வாங்கில் போய் இருந்துகொண்டேன். அடுத்து வந்த திருவிருந்தில் அவர் என்ன செய்தார் தெரியுமா? எல்லாருக்கும் கொடுத்து முடித்து, ஒரு சின்னக் கிண்ணத்தோடு இறங்கி வந்து என் முன்னால் நின்றார். நான் வாங்கவில்லை. திரும்பிப் போனார். மறுதடவையும் வந்தார். ஒவ்வொரு திருவிருந்திலும் வந்தார்! முழங்கால் வீங்கியபோதும் வந்தார். பொல்லூன்றியும் வந்தார். ஒரு சொல் கண்டிக்கவில்லை. கடைசித் தடவை திராட்சரசம் அவருடைய விரல்களில் வழிந்தது.

"ஏன் ஐயா இந்தப் பாடு? நான் மறக்கமாட்டன்" என்றேன்.

"ஆர் உங்கள மறக்கச் சொன்னது? ஆண்டவருக்கென்ன மறதி நோயா? எல்லாம் தெரிஞ்சிருந்தும், நம்மட பிழையை இனிக் கதைக்கு எடுக்கிறதில்ல எண்டு வாக்குக் குடுத்தவர். நீங்க மறக்காமலே வாங்க. வந்து முழங்காலிடுங்க, அது போதும்."

செவ்வாய்க்கிழமை அவர் கண்மூடினார். இனி அந்தக் கிண்ணத்தைக் கடைசி வாங்குக்கு யார் கொண்டுவருவார்? மூப்பர் அவர்களே, நீங்கள் வரமாட்டீர்கள். எனக்குத் தெரியும்.

ஐயாவின் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசியவர்கள் உறுதி சொன்னார்கள். மண்டபம் கட்டுவார்களாம், படம் மாட்டுவார்களாம். நல்லது. என்னால் சொல்லக்கூடிய உறுதி ஒன்றுதான்.

தம்பி ஜெயசீலன், வருகிற ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. முழங்காலிடும்போது உன் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விடு. அந்த வரம்பு எனக்கு நினைவிருக்கிறது. அங்கே அதை நான் கதைக்கு எடுக்கமாட்டேன்.