நொடிக்கு இருபது படம்

— கைய எடுங்க ஐயா. லேப்டாப் முதுகைத் திறந்து வெச்சிருக்கேன், உள்ள விரல் விட்டா எனக்கு ரெட்டை வேலை.

— தொடல கியோக், காட்டறேன். அந்தக் கறுப்புச் சில்லுதானே கிராபிக்ஸ் கார்டு? கண்ணு முன்னால கெடக்கு! அப்புறம் எப்படி இது தெரியாமப் போகும்?

— உங்களுக்குத் தெரியுது, லேப்டாப்புக்குத் தெரியலை. நேத்து மொத தடவையா போட்டி நடத்தறவங்க பரிசோதிச்சுக் குடுத்த தாள்லயும் அதானே எழுதியிருக்கு? 'கிராபிக்ஸ் கார்டு: இல்லை.'

— இல்லையாம்! இந்த வித்யாத்மோகோவோட அணிக்கு! சுரபாயா முழுக்க பேனர் கட்டியிருக்கேன். 'முதலைப் படை! ஆற்றல் தருவது அட்டை!' பாத்தியா?

— பாத்தேன். கார்டு படம் கதவு அகலத்துக்கு இருந்துச்சு. ஓரத்துல ஸ்டாம்பு சைஸுக்கு ஒரு பொண்ணு மூஞ்சி.

— அந்தப் பொண்ணுதான் இவ, கினாந்தி. சர்வதேசத் தர வீடியோ கேம் ஆட்டக்காரி. ஏழு போட்டி, ஏழு கோப்பை. அக்காவுக்கு வணக்கம் சொல்லும்மா.

— வணக்கம் அக்கா.

— வாம்மா. ஸ்டூல்ல உக்காரு.

— உக்கார ஏது நேரம்? இன்னிக்கு மூணு மணிக்கு இறுதிப் போட்டி. துணை மேயர் வர்றார். கார்டு விக்கிறவங்க முதல் வரிசையில உக்காருவாங்க. ரெண்டு மணிக்குள்ள கார்டு வரலைன்னா இவளை இறக்க மாட்டேன், கியோக். எங்கக்கா மகன் திம்புல் தயாரா நிக்கிறான். அவன் லேப்டாப்ல கார்டு இருக்கு.

— அவனுக்கு ஆட வருமா?

— கார்டு இருக்குன்னேன்ல.

— சார், திம்புல் போன வாரம் நம்ம ஆளு மேலயே குண்டு போட்டான்.

— அது வியூகம் கினாந்தி. உனக்குப் புரியாது.

— ஐயா, வெளிச்சத்தை மறைக்காதீங்க. கார்டோட டிரைவர் சாஃப்ட்வேரை வழிச்செடுத்துப் புதுசாப் போட்டுப் பாத்தாச்சு. பேட்டரியைக் கழட்டி, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்தி, உள்ள தங்கின கரண்டையும் வடிச்சாச்சு. இப்ப மீட்டர் வெச்சும் பாத்துட்டேன். கார்டு நல்லாத்தான் இருக்கு.

— அதைக் கழட்டித் திருப்பி மாட்டிப் பாரேன்.

— போர்டோட சேத்துப் பத்தவெச்சது. பல் செட் இல்ல, கழட்டி மாட்டறதுக்கு.

— எனக்குத் தெரியும். காலையிலயே பான்யுவாங்கி ஊரு மந்திரவாதிக்கு வீடியோ கால் போட்டேன். நெருங்கின ஆளு யாரோ கை வெச்சிருக்கான்னுட்டார். அவன் எவனா இருந்தாலும் சரி, கண்டுபிடிச்சதும் என் அணியை விட்டே தூக்கிருவேன்!

— அக்கா... குடிக்கத் தண்ணி இருக்கா?

— அந்த பாட்டில்ல இருக்கு, எடுத்துக்கோ. சரி, மூடியை மாட்டி ஆன் பண்றேன். ம்... பொறுங்க பொறுங்க. தயாரிக்கிறவங்களே கூடப் போட்டுக் குடுக்கற ஆப்ல 'மின்சிக்கனம்'னு ஒண்ணு இருக்கும். அது ஆன்ல இருக்கு.

— சிக்கனம் நல்லதுதானே?

— இந்தச் சிக்கனத்துல கார்டு அடியோட தூங்கிடும். பட்டியல்லயே பேரு வராது. இதைத்தான் நான் மொதல்ல பாத்திருக்கணும். நீங்க பேசின பேச்சுல மறந்துட்டேன்.

— எப்ப ஆன் பண்ணியிருக்கான்?

— தேதி இருக்கு. பிப்ரவரி பன்னெண்டு.

— பதினொண்ணாந் தேதிதானே நானே போட்டோக்காரனோட இவ வீட்டுக்குப் போயி இதைக் கையில குடுத்தேன்!

— அப்ப ஒரே ஒரு நாள்தான் கார்டு முழிச்சிருந்திருக்கு. ஒம்பது மாசமாத் தூக்கம். ஐயா, அந்த ஏழு கோப்பையும் எப்ப ஜெயிச்சது?

— மார்ச்சுல ஆரம்பிச்சு... இரு. என்ன சொல்ல வர்றே?

— கினாந்தி, நீ கார்டே இல்லாமயா ஆடினே? கடிதம் டைப் அடிக்கப் போதுமான குட்டிச் சில்லுலயா? வா, வந்து ஒரு ஆட்டம் ஆடிக் காட்டு.

— இப்பவா அக்கா?

— இப்பத்தான். ஐயா, நகந்து நில்லுங்க. அடக் கடவுளே, நொடிக்கு இருபது படம்தான் வருது! எதிராளிங்களுக்கு நூத்தி நாப்பது வரும். இது விக்கி விக்கி ஓடுதே. அதோ ஒருத்தன், சுவத்துக்கிட்ட... எங்க போனான்? விழுந்துட்டானா? நான் அவனைப் பாக்கவே இல்லையே!

— நானும் பாக்கலை அக்கா.

— பாக்காமயா சுட்டே?

— போன படத்துல சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னான். அடுத்த படம் வர்றதுக்குள்ள எங்க போயிருப்பான்னு நெனச்சுக்குவேன். அங்க சுட்டுருவேன். படம் வர்றப்ப விழுந்து கெடப்பான்.

— எல்லாரும் ஒரே மாதிரியா ஓடுவாங்க?

— இல்லக்கா. ஆளுக்கொரு நடை. காலடிச் சத்தத்துல தெரிஞ்சுடும். இவன் நிதானம், நேராப் போவான். அதோ வர்றானே, அவன் பயந்தாங்கொள்ளி. ரெண்டு எட்டு வெச்சுட்டு நிப்பான்... பாத்தீங்களா, நின்னுட்டான்.

— ஐயா, என் கையைப் பாருங்க. ரோமமெல்லாம் குத்திட்டு நிக்குது. இருபத்திரெண்டு வருஷமா இந்தக் கடையில எத்தனையோ ஆட்டக்காரங்களைப் பாத்துட்டேன். இப்படி ஒருத்தியைப் பாத்ததில்ல.

— எல்லாம் கார்டு குடுத்த தன்னம்பிக்கை.

— கார்டு தூங்கிட்டில்ல இருந்துச்சு!

— பக்கத்துலயே தூங்கிச்சுல்ல?

— சரி, உங்க திருப்திக்கு எழுப்பறேன். ரீஸ்டார்ட் ஆகட்டும்... வந்துடுச்சு, பட்டியல்ல பேரு வந்துடுச்சு. இப்ப ஆடும்மா.

— அக்கா... மரத்துக்கு இலை இருக்கு.

— இருக்காதா பின்ன?

— எனக்கு வெறும் கொம்புதான் தெரியும். ஐயோ, ஆத்துத் தண்ணியில மேகம் ஓடுது! பாலத்துக்கு அடியில மீனு! சார், மீனு சார்!

— எங்க? நகரு, நகரு. அம்மாடி! வெள்ளி மாதிரி மின்னுது! வாழ்த்துரையில நான் இதையெல்லாம் புகழ்ந்து பேசியிருக்கேன் கியோக், இப்பத்தான் பாக்கறேன். கண்ணு கலங்குது.

— கினாந்தி, பின்னால ஆளு!

— செத்துட்டேன் அக்கா.

— மீனைப் பாத்துட்டு நின்னா? மறுபடி ஆடு. ம்... இப்பவும் போச்சா? இன்னொரு தடவை... ஐயய்யோ.

— மூணு தடவை செத்துட்டா! கியோக், என்ன பண்ணி வெச்சே இவளை?

— நான் என்ன பண்ணேன்? ஆளு போகப்போற எடத்துல இவ சுடறா. அவன் இன்னும் அங்க போய்ச் சேரலை.

— படம் மேல படமா வந்துக்கிட்டே இருக்கு அக்கா. நெனக்க எடமே இல்ல.

— பழகிக்கோ! சர்வதேசத் தரம்னா பழகித்தான் ஆகணும்!

— மணி ஒண்ணே முக்கால் ஐயா. பழக ஒரு மாசம் ஆகும்.

— சார், கார்டை அணைச்சுட்டு என்னை இறக்குங்க. நான் ஜெயிச்சுத் தர்றேன். இந்த ஒரு தடவை நம்புங்க சார்.

— அணைக்கறதா? முதல் வரிசையில கார்டுக்காரங்களை உக்கார வெச்சுட்டா? ...கியோக், அணைச்சா கீபோர்டுல அந்தக் கலர் விளக்கு எரியுமா?

— எரியும். அதுக்கும் கார்டுக்கும் சம்பந்தமே இல்ல.

— சிவப்பு, நீலம் எல்லாமா?

— வானவில்லே ஓடவிடலாம்.

— அப்ப கார்டை அணை, வானவில்லை ஓடவிடு. திம்புலை வீட்டுலயே இருக்கச் சொல்லிடறேன். கினாந்தி, நீதான் ஆடறே.

— நன்றி சார்.

— இன்னொண்ணு. முதல்ல இதை அணைச்சானே ஒருத்தன், அவனை நான் தூக்கப்போறதில்ல. எனக்கு ஏழு கோப்பை வாங்கிக் குடுத்த ஆசான் அவன். மேடையில ஏத்திக் கேடயம் குடுக்கறேன். யாருன்னு பாரு கியோக்.

— இதுல தேதிதான் இருக்கும் ஐயா. பேரு இருக்காது.

— நான்தான் சார்.

— நீயா? படத்தைக் குறைச்சா புத்தி கூர்மையாகும்னு அன்னிக்கே கணக்குப் போட்டுட்டியா? என்ன ஒரு தொலைநோக்கு!

— அதெல்லாம் இல்ல சார். எங்க வீட்டுக்குக் கரண்ட் மொத்தமே நானூத்தம்பது வாட்டு, அதுக்கு மேல இழுத்தா நின்னுடும். அம்மா பொட்டலச் சோறு விக்கிறாங்க, கரண்ட் குக்கர் விடிஞ்சதுல இருந்து ஓடும். கார்டும் சேந்து ஓடினதும் மீட்டர்ல சுவிட்ச் விழுந்து கரண்டு போயிடுச்சு, அரிசி பாதி வேக்காட்டுல நின்னுபோச்சு. ரெண்டுல ஒண்ணுதான் போடலாம்னு ஆச்சு. நான் குக்கரைப் போடச் சொன்னேன்.