பெயர் கேட்காத மையம்

மருத்துவமனைக் கணினிப் பிரிவின் தலைவராய் இருந்து, மாறாத பொறுமையும் மறையாத முறைப்பும் ஒருங்கே வாய்த்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் மாண்புமிகு அம்மையீர்! திரைகள் உறைந்த போதெல்லாம் தாம் உறையாது நின்ற திண்மையே! பிழை எங்கே பதுங்கினாலும் பின்தொடர்ந்து பிடரியைப் பிடிக்கும் பேராற்றலே! முன்னால் ‘மேடம்’ என்றும் முதுகுக்குப் பின்னால் ‘சாவிக்கொத்து’ என்றும் எங்களால் அழைக்கப்பட்டு, அந்த இரண்டாம் பெயரும் தமக்குத் தெரியும் என்பதை இன்றுவரை காட்டிக்கொள்ளாத பெருந்தன்மையே! வணக்கம்.

முறைப்படி இம்மடலைத் ‘தாங்கள், தாங்கள்’ என்றே வாசித்து முடிக்க வேண்டும். ஆனால் தங்களைப் பற்றித் தங்களிடமே சொன்னால், இரண்டாம் வரியிலேயே கையைத் தூக்கி, “அது அப்படி நடக்கல” என்று திருத்தத் தொடங்கிவிடுவீர்கள் என்பது எங்கள் அனுபவம். ஆகவே நடுவில் கொஞ்ச நேரம் தங்களை ‘அவர்’ என்றே சொல்லப் போகிறோம். வேறு யாருடைய கதையோ என்று நினைத்துக்கொண்டு, தயவுசெய்து கைகளை மடியிலேயே வைத்திருங்கள்.

அந்த ‘அவர்’ இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது சீட்டு எழுதும் மேசையில் ஒரு கணினிகூடக் கிடையாது. புறநோயாளிகளுக்கு வரிசை எண் தருகிற சின்ன வலைச்செயலி ஒன்றை அவர்தான் தன்னந்தனியாக எழுதினார். மருந்தகம் கேட்டது, சேர்த்தார். ஆய்வகம் கேட்டது, சேர்த்தார். கண் பிரிவு, பல் பிரிவு, சமையற்கூடம், இரத்த வங்கி என்று கேட்டவர்க்கெல்லாம் இல்லையென்னாமல் சேர்த்துக்கொண்டே போனார். ஒட்டின்மேல் ஒட்டாக அது வளர்ந்து வளர்ந்து, எந்தச் சுவரைத் தட்டினால் எந்தக் கூரை இறங்கும் என்று அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த கட்டடமாகிவிட்டது. சாவிக்கொத்து என்ற பட்டம் அப்படி வந்ததுதான்.

பட்டம் வந்தது, விடுப்பு போனது. மகளுக்குப் பிரசவ வலி எடுத்த அன்றுகூட, பிரசவ அறைக்கு வெளியே நின்றுகொண்டு, மருந்தகத்தில் ஒரு மாத்திரையின் பெயரை மாற்றினால் கண் பிரிவின் வரிசைத் திரை ஏன் நின்றுபோகிறது என்று கைபேசியில் எங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். செவிலியர் வெளியே வந்து, “பொண்ணு பொறந்திருக்கும்மா” என்றபோது அவர் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம், “முதல்ல அதை நிறுத்துங்க, அப்புறம் பேசலாம்” என்பது. எதை நிறுத்துவதென்று புரியாமல் அந்தச் செவிலியர் மறுபடி உள்ளே போய்விட்டாராம். மகள் இதை இப்போதும் சிரித்துச் சிரித்துச் சொல்வார். சிரித்து முடித்ததும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அவர் தம் கணவரிடம் சொன்னது இது. “நான் இல்லன்னா அங்க ஒண்ணும் நடக்காதுங்க. இத்தனை நாள் அதைப் பெருமையா நெனச்சேன். இன்னிக்கு பயமா இருக்கு. நான் ரிட்டையர் ஆகுற அன்னிக்கு அந்த ஆஸ்பத்திரி என்ன பண்ணும்?”

அடுத்த பிரிவுக் கூட்டத்தில், எங்களில் நெட்டை என்று பெயரெடுத்த நிரலாளர் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். “மொத்தத்தையும் ப்ளகின் முறையில மாத்திக் கட்டிடலாம் மேடம்.” எங்களுக்கெல்லாம் திக்கென்றது. அவர் கட்டிய வீட்டை அவர் முகத்துக்கு நேரே இடிக்கச் சொன்னதுபோல் இருந்தது. அவரோ நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, “அப்படின்னா என்ன? எனக்குத் தெரியாது. சொல்லுங்க” என்றார். பிரிவின் தலைவர் ஒருவர் முழுக் கூட்டத்தில் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லி நாங்கள் கேட்டது அதுவே முதல் முறை.

அன்றுமுதல் அவர் மாணவி. மதிய உணவு ஒரு கையில், காதில் பாடம், எதிரே திரை. முதலில் கட்டிப் பார்த்த பல் பிரிவுச் செருகுநிரல், அதாவது தனியாகச் செருகவும் பிடுங்கவும் கூடிய ப்ளகின், ஒரே நாளில் படுத்துவிட்டது. இரண்டாவது, மருந்தகத்தின் தகவலைக் கொல்லைப்புறமாகப் போய் எடுத்து வந்தது. “பழைய புத்தி போகல பாருங்க, பக்கத்து வீட்டு ஜன்னல் வழியா கைய விடுது” என்று தம்மைத் தாமே திட்டிக்கொண்டு அழித்துவிட்டு மறுபடி தொடங்குவார். பாடம் காதில் ஏறியதே தவிர கையில் இறங்கவில்லை.

இறங்கியது அவர் வீட்டுச் சமையலறையில். ஒரு விடுமுறை நாள் காலை, மிக்சியின் பெரிய ஜாடியைக் காணோமென்று கணவர் அலமாரியை உருட்டிக்கொண்டிருந்தார். “சின்னதை வெச்சு ஓட்டுங்களேன்” என்று நம் ‘அவர்’ எரிச்சலோடு சொல்ல, கணவரும் வைத்தார், அது சுற்றியது. நம் ‘அவர்’ மூடியைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டார். கணவருக்கு அரைத்து முடித்த பிறகும் மூடி கிடைக்கவில்லை. தெறித்த கறையோடு நிற்கும் சமையலறைச் சுவரைக் கேட்டால் மீதியைச் சொல்லும்.

மறுநாள் அந்த மிக்சி அலுவலகம் வந்தது. வாயிற்காவலர் பையைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மூடிக்கொடுத்தார். தலைமை மருத்துவரின் மேசைமேல், கோப்புகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவர் அதை வைத்தார். “இந்த மோட்டாருக்கு எந்த ஜாடியோட பேரும் தெரியாது சார். தெரியவும் கூடாது. இந்தப் பள்ளத்தோட அளவு மட்டும்தான் ரெண்டு பேருக்கும் பொது. அதை மாத்தவே மாட்டோம். ஒரு ஜாடி உடைஞ்சா மோட்டார் நிக்காது. புது ஜாடி வந்தா மோட்டாரைப் பிரிக்க வேண்டியதில்ல. இனிமே நம்ம செயலியோட மையம் மோட்டார். ஒவ்வொரு பிரிவும் ஒரு ஜாடி.”

தலைமை மருத்துவர் வெகுநேரம் மிக்சியையே பார்த்திருந்துவிட்டு, “நான் யாரும்மா இதுல?” என்றார்.

“நீங்க மூடி சார். நீங்க இல்லாம ஓட்டினா மேலெல்லாம் தெறிக்கும்.”

ஒப்புதல் அங்கேயே கிடைத்தது.

அதன்பின் நடந்த வேலையை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. தாமே பெற்று வளர்த்த நிரலை அவர் தம் கையாலேயே பிரித்தார். பிரிவுகள் ஒவ்வொன்றாகத் தனித்தனிச் செருகுநிரலாக வெளியேற, மையம் இளைத்து இளைத்துப் பளிச்சென்று ஆனது. சோதனை அறையில் ஒவ்வொன்றையும் பிடுங்கிப் பார்த்தோம். பல் பிரிவைப் பிடுங்கினோம், மற்றவை ஓடின. ஆய்வகத்தைப் பிடுங்கினோம், ஓடின. இரத்த வங்கியைப் பிடுங்கினோம். எல்லாத் திரைகளும் ஒன்றாக அணைந்தன.

நாங்கள் அத்தனை பேரும் நெட்டையைப் பார்த்தோம். நெட்டையும் தம்மைத்தான் சந்தேகப்பட்டார். தலைவரான அவர் மட்டும் யாரையும் பார்க்காமல் மையத்தைத் திறந்து, நேரே ஓர் இடத்துக்குப் போய் நின்றார். அங்கே ஒரு வரி. வேறு எந்த வேலையையும் தொடங்குமுன் இரத்த வங்கியைப் பெயர் சொல்லி அழைத்து, ‘நலமா’ என்று கேட்கிற வரி. பதில் வராவிட்டால் மேற்கொண்டு நகராத வரி.

“நான் எழுதினதுதான்” என்றார் அவர். பழைய செயலியில் ஒருமுறை, எங்கோ எதையோ மாற்றப்போய் இரத்த வங்கியின் திரை இருண்டுவிட்டது. மனைவியின் இரத்த வகை எழுதிய சீட்டோடு ஒருவர் சன்னலில் கை நீட்டியபடி நின்றிருக்கிறார். ஆள் ஓடிப்போய் இரத்தம் கொண்டுவந்து கொடுத்து, அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். ஆனால் நீட்டிய அந்தக் கை அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதனால் மற்றவற்றையெல்லாம் வெளியே அனுப்பிய பின்பும், அந்த ஒன்றை மட்டும் மடியில் வைத்திருந்திருக்கிறார். “அது மேல எனக்குத் தனிப் பாசம். பாசம் இருக்கலாம், பேர் இருக்கக் கூடாது” என்று சொல்லி, அந்த வரியை எங்கள் கண்ணெதிரே அழித்தார். விரல் ஒரு கணம் நின்று, பிறகுதான் அழுத்தியது.

சேதி எட்டியதும் இரத்த வங்கி மருத்துவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “அப்போ எங்களை யாரும்மா பார்த்துக்குவா?” என்றார். அதற்கு விடையாக அவர் செய்ததுதான் எங்களைக் கைகூப்ப வைத்தது. செருகியிருக்கிற ஒவ்வொன்றையும், பெயர் கேட்காமல், விடாமல் ‘நலமா’ என்று விசாரிக்கும்படி மையத்தை மாற்றினார். ஒன்று பதில் சொல்லாவிட்டால் உடனே எங்களுக்குக் குரல் வரும். மற்றவை தம் வேலையைப் பார்க்கும். ஒருவர்மேல் வைத்திருந்த பாசத்தை அனைவருக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்.

பிறகு, மூடியின் அனுமதியோடு, பிரிவுகளெல்லாம் காகிதமும் பேனாவுமாகத் தயாராய் நிற்க, கூட்டம் நெரியும் முற்பகலில் உண்மையான சோதனை. அவர் காத்திருப்புக் கூடத்தின் கடைசிச் சுவரில் சாய்ந்து நின்று, கைபேசியில் ஒவ்வொரு பிரிவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எடுங்க. போடுங்க. எடுங்க. கடைசியில் இரத்த வங்கி மருத்துவர் தலையசைக்க, அதையும் எடுக்கச் சொன்னார். வரிசைத் திரையில் எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஒரு தகப்பனார் குழந்தைக்கு ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். இருவர் இருக்கைக்குச் சண்டை போட்டார்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை. அவர் எங்கள் பக்கம் திரும்பி, “பார்த்தீங்களா, யாருமே பார்க்கல” என்றார். அவர் முகத்தில் அப்படியொரு ஒளியை அதற்கு முன் நாங்கள் கண்டதில்லை.

அதற்கடுத்த வாரம் அவர் விடுப்பு எடுத்துப் பேத்தியைப் பார்க்கப் போனார். நாங்கள் யாரும் அழைக்கவில்லை. அவரே அழைத்தார். “என்ன, ஃபோனையே காணோம்?”

“ஒண்ணும் ஆகல மேடம். எல்லாம் ஓடுது.”

“சரி” என்றார். அந்தச் ‘சரி’யில் இருந்தது நிம்மதியா வருத்தமா என்று நாங்கள் இன்றுவரை வாதாடுகிறோம்.

அம்மையீர், இனி மீண்டும் தங்களையே நோக்கிப் பேசுகிறோம். தங்கள் பெயரை மையத்தின் முதல் வரியில் பொறித்துவைக்க ஆசைப்பட்டோம். தாங்கள் வகுத்த விதி தடுத்தது. ஆகவே ‘சாவிக்கொத்து’ என்று ஒரு செருகுநிரல் செய்தோம். நாங்கள் எதையாவது மாற்றக் கை வைக்கும்போது, “சாப்பிட்டீங்களா? பசியோட எதையும் மாத்தாதீங்க” என்று அது தங்கள் சொல்லிலேயே சொல்லும். வேறு வேலை அதற்குக் கிடையாது.

தங்கள் விதிப்படி இன்று காலை அதைப் பிடுங்கியும் சோதித்தோம். கூடத்தில் ஓர் எண்கூடத் தடுமாறவில்லை. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தாங்கள் இல்லாமலும் இது ஓடும், அம்மையீர். அப்படி ஓடவைத்தவர் தாங்களே. அதை எங்கள் கண்ணால் பார்த்த பிறகும், சாவிக்கொத்தை வெளியே விட்டுவைக்க நெட்டை உட்பட ஒருவருக்கும் மனம் வரவில்லை. மறுபடி செருகிவிட்டோம். மையத்துக்கு அது தேவையில்லை. எங்களுக்குத் தேவை.

நோய் நெருங்காத உடலோடும், நொடி நேரமும் வாடாத மனத்தோடும், பேத்தியின் பேச்சைப் பாதியில் நிறுத்தக் கைபேசி ஒலிக்காத நீண்ட நெடும் பகல்களோடும் தாங்கள் பல்லாண்டு வாழ்க.

இனிக் கையைத் தூக்கலாம்.

தங்கள் விசாரிப்பில் வளர்ந்த,
கணினிப் பிரிவுப் பணியாளர்கள் அனைவரும்