பதினாலாம் நம்பர் குழிக்கு எத்தனை மீட்டர் சட்டை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், என் செல்லங்களே. பின்னால் இருப்பவர் காதிலும் விழ வேண்டுமே. சிரிக்கவும் வைக்கும், வாயடைக்கவும் வைக்கும் ஒரு கதை சொல்கிறேன். மலாய் நாட்டு ரந்தாவ் ஊர்ப் பக்கத்தில், ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில், தமிழ்ப்பள்ளிக்கு மூன்று மாடிக் கட்டடம் எழும்புகிறது. வேலையை மேற்பார்க்க அமர்த்தப்பட்ட வள்ளிநாயகி மேசைக்கு அந்தப் பக்கம். 'பைல்' எனப்படும் அடித்தூண்களுக்குக் குழி துளைக்கும் குத்தகைக்காரர் கணேசமூர்த்தி இந்தப் பக்கம். துளை போடும் இயந்திரத்தை ஓட்டும் திருச்செல்வம் வாசலில், கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு. காலை மணி பத்து. பேச்சு பாதியில் ஓடிக்கொண்டிருக்கிறது, சத்தமில்லாமல் நுழைவோம்.

கணேசமூர்த்தி: ...ஒரே ஒரு கையெழுத்துதான்கா. நீங்க பேனாவ மட்டும் எடுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்.

வள்ளிநாயகி: மீதிய நீ பாத்துக்கிட்ட லட்சணத்தத்தான் நேத்துலேருந்து பாத்துக்கிட்டிருக்கேன்.

கணேசமூர்த்தி: பதினோரு மணிக்கு கான்கிரீட் லோரி வந்துரும். பதினாலாம் நம்பர் பைல் தலையில ஊத்தி மூடணும். நீங்க போடலன்னா லோரி கேட்டுலயே நிக்கும்.

வள்ளிநாயகி: நிக்கட்டும். லோரிக்குக் கால் வலிக்காது. மேல ஊத்தி மூடிட்டா, கீழ என்ன இருக்குன்னு எமனே வந்தாலும் எட்டிப் பாக்க முடியாது. அதானே இவ்வளவு அவசரம்?

கணேசமூர்த்தி: என்னக்கா... கொலைகாரன்கிட்ட பேசற மாதிரி...

வள்ளிநாயகி: கொலைகாரன் ஒரு ஆளோட நிறுத்திக்குவான். நீ மூணு மாடிப் பிள்ளைங்கள அது மேல ஏத்தப் போற.

கணேசமூர்த்தி: திரு! நீ சொல்லு லா. நம்ம வேல எப்படிப்பட்ட வேல?

திருச்செல்வம்: நம்ம வேல... நல்ல வேலதான் போஸ்.

வள்ளிநாயகி: வாயில நாசி லெமாக்க வச்சிக்கிட்டே சத்தியம் பண்றான் பாரு. முழுங்கிட்டுச் சொல்லு திரு. பொய்யும் சோறும் ஒண்ணா இறங்காது.

திருச்செல்வம்: தண்ணி... தண்ணி இருக்காக்கா?

வள்ளிநாயகி: அந்தா போத்தல். நல்லாக் குடி. மூர்த்தி, நீ இங்க பாரு. கான்கிரீட் கம்பெனி குடுத்த சீட்டு. பன்னண்டாம் நம்பர் ஒரு லோரி முழுக்கக் குடிச்சிருக்கு. பதிமூணும் அப்படித்தான், பதினஞ்சும் அப்படித்தான். பதினாலு மட்டும் முக்கா லோரியோட ஏப்பம் விட்டிருச்சே, ஏன்? சஷ்டி விரதமா?

கணேசமூர்த்தி: குழிக்குக் குழி கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்கா.

வள்ளிநாயகி: அதே அகலம். அதே ஆழம். உன் மூஞ்சி மட்டுந்தான் முன்ன பின்ன இருக்கு.

திருச்செல்வம்: அது வந்துக்கா, கேசிங்க உருவுறப்ப உள்ளுக்குள்ள கொஞ்சம் சேறு...

கணேசமூர்த்தி: திரு! மெஷினுக்கு எண்ண விட்டியா?

திருச்செல்வம்: காலையிலேயே விட்டுட்டேன் போஸ்.

கணேசமூர்த்தி: மறுபடி விடு!

வள்ளிநாயகி: நீ அசையாத திரு. என்னமோ சொன்னியே... சேறா?

திருச்செல்வம்: சேறு இல்லக்கா. சேறு மாதிரி.

வள்ளிநாயகி: சேறு மாதிரின்னா? சந்தனமா?

கணேசமூர்த்தி: அக்கா, கேசிங்க பத்தி எனக்கே பாடம் எடுக்காதீங்க. இருவத்தஞ்சு வருசமா இதே வேல. சிரம்பான்ல என் பைல் மேல நிக்காத கடை இல்ல.

வள்ளிநாயகி: இருவத்தஞ்சு வருசமா மண்ணுக்குள்ள ஒளிச்சு வைக்கற தொழிலு. யாரும் பாக்கலங்கறதுதான் உன் பேரு, புகழு எல்லாம். பாடந்தான், கேட்டுக்க. இளகின மண்ணுல குழி இடிஞ்சு உள்ள விழாம இருக்க, அதுக்கு நாம போடற இரும்புச் சட்டைதான் கேசிங். கான்கிரீட் மேல ஏற ஏறத்தான் சட்டையக் கொஞ்சம் கொஞ்சமா உருவணும். சேறு முடியற ஆழம் வரைக்கும் சட்டை இறங்கணும்னு காண்ட்ராக்ட்ல இருக்கு. நீ என்ன பண்ணிருக்க? இடுப்பு வரைக்கும் சட்டை, அதுக்குக் கீழ அம்மணம்.

திருச்செல்வம்: ஹி ஹி...

கணேசமூர்த்தி: சிரிக்காத லா! அக்கா, காண்ட்ராக்ட்ல ஒம்போது மீட்டர்னு போட்டிருக்கு. நான் ஒம்போது மீட்டர் இறக்கினேன். இதுக்கு மேல என்ன?

வள்ளிநாயகி: எங்கேருந்து ஒம்போது?

கணேசமூர்த்தி: தரையிலேருந்து.

வள்ளிநாயகி: எந்தத் தரையிலேருந்து?

கணேசமூர்த்தி: தரைன்னா தரைதான்கா. கால வச்சு நிக்கறோமே, அது.

வள்ளிநாயகி: கடைசிப் பக்கத்தப் புரட்டிக் கையெழுத்து மட்டும் போடறவனுக்கு நடுவுல இருக்கறது எப்படித் தெரியும்? இந்தா, நாப்பத்தோராம் பக்கம். மலாய்லதான் இருக்கு, சத்தமாப் படி.

கணேசமூர்த்தி: "...செம்பிலான் மேத்தர்... டாரி அராஸ் தானா..."

வள்ளிநாயகி: ஏன், வண்டி நின்னுருச்சு? அடுத்த வார்த்தை?

கணேசமூர்த்தி: ...அசால்.

வள்ளிநாயகி: அராஸ் தானா அசாலேருந்து ஒம்போது மீட்டர். அசால்னா, மண்ணக் கொட்டி மேடாக்கறதுக்கு முந்தி இருந்த பழைய தரை மட்டம். அவங்களும் அசால்ங்கிறாங்க, நாமளும் அசல்ங்கிறோம். ரெண்டு பாஷை கூடி ஒரே வார்த்தைய உன் காதுல ஓதியும் மண்டையில ஏறல. உனக்குத் தெரிஞ்ச அசால் வேற. 'அசால் சியாப்'. முடிஞ்சாப் போதும், எப்படி முடிஞ்சா நமக்கென்ன.

கணேசமூர்த்தி: ஒரு வார்த்தைதானேக்கா... கண்ணுல படல.

வள்ளிநாயகி: படாது. அந்த மூலையில மூணு மீட்டர் செம்மண்ணக் கொட்டினது உன் லோரிதானே? அந்த மேட்டு மேல நின்னுக்கிட்டு ஒம்போது அளந்தா, பழைய தரைக்குக் கீழ எத்தன?

திருச்செல்வம்: ஆறு.

கணேசமூர்த்தி: உன்ன யாரு கேட்டா?

திருச்செல்வம்: அக்கா கேட்டாங்க போஸ்.

வள்ளிநாயகி: மத்த குழியெல்லாம் முன்னேயே உசரமா இருந்த பக்கம். அங்க கொட்டின மண்ணே கிடையாது, அதனால பொழைச்ச. இது பால் கொட்டாய்க்குப் பின்னால இருந்த கழிவுக் குளம். ரப்பர் பாலு கழுவின தண்ணியெல்லாம் அங்கதான் போய்த் தேங்கும். நீயும் அந்தத் தோட்டத்து லயத்து வீட்டுலதானடா பொறந்த? உங்க மங்கம்மா சின்னம்மா ஆடு அதுல இறங்கி, ரெண்டு காது மட்டும் வெளிய தெரிஞ்சிச்சே, மறந்துட்டியா? நாலு ஆம்பள கயிறு போட்டு இழுத்தாங்க. ஆட்டையே விடாத சேறு உன் கான்கிரீட்ட விட்டு வச்சிருக்குமா?

கணேசமூர்த்தி: மறக்கலக்கா... ஆனா அன்னிக்கு என்ன பண்ணச் சொல்றீங்க? கூட மாட்டற மூணு மீட்டர் துண்டு சிரம்பான் வேலையில மாட்டிக்கிச்சு. வெள்ளிக்கிழமைதான் வரும்னுட்டான். வியாழக்கிழமை மழை வேற இருட்டிக்கிட்டு...

வள்ளிநாயகி: அப்போ பன்னண்டு மீட்டர் வேணும்னு உனக்குத் தெரியும். அசாலும் கண்ணுல பட்டிருக்கு, ஆடும் ஞாபகத்துல இருந்திருக்கு. தெரிஞ்சேதான் இறக்கியிருக்க.

கணேசமூர்த்தி: வாய் தவறிச் சொல்லிட்டேன்கா.

வள்ளிநாயகி: இல்லடா. காலையிலேருந்து இப்பத்தான் உன் வாய் ஒழுங்கா வேல செஞ்சிருக்கு.

கணேசமூர்த்தி: முப்பத்தாறு பைல்ல ஒண்ணுதான்கா. ஒண்ணே ஒண்ணு. சேறு பூந்து அதோட கழுத்து கொஞ்சம் மெலிஞ்சிருந்தாத்தான் என்ன? மீதி முப்பத்தஞ்சு தாங்காதா?

வள்ளிநாயகி: வாயத் திற. ஒரு கடவாப் பல்லப் பிடுங்கிப் பாக்கறேன். மீதி தாங்குதான்னு தெரிஞ்சிரும்.

திருச்செல்வம்: போஸ், நான் அன்னிக்கே சொன்னேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் நிறுத்தி வைப்போம்னு.

கணேசமூர்த்தி: நீ சோத்தத் தின்னு!

வள்ளிநாயகி: திரு, உன் மக எந்தப் பள்ளிக்கூடம்?

திருச்செல்வம்: இதே பள்ளிதாங்க்கா. ரெண்டாம் வகுப்பு.

வள்ளிநாயகி: புதுக் கட்டடத்துல ரெண்டாம் வகுப்பு எங்க வருது?

திருச்செல்வம்: ...கீழ் மாடி. கடைசி மூலை.

வள்ளிநாயகி: எந்த நம்பர் பைலுக்கு மேல?

திருச்செல்வம்: அக்கா... போதும்கா. சோறு இறங்க மாட்டேங்குது.

கணேசமூர்த்தி: ஏன்டா, சுவரு நாளைக்கே விழுந்துருமா? கொஞ்சம் இறங்கும், ஒரு மயிரிழை வெடிக்கும். பூசிக்கலாம்.

வள்ளிநாயகி: பூசிக்கலாம்! ஆஹா. பூசறதுக்குன்னே பொறந்தவன். உன் அப்பாரு இராஜமாணிக்கம் தோட்டத்துல ஆளுங்கள மேய்க்கற மண்டோரா இருந்தப்ப, நிறை போடற பால்ல ஒரு சொட்டு தண்ணி கலந்தாக்கூட மோந்து பாத்தே சொல்லிருவாரு. அவரு மூக்கு எங்க, உன் நாக்கு எங்க.

கணேசமூர்த்தி: செத்தவர எதுக்குக்கா இழுக்கறீங்க?

வள்ளிநாயகி: உயிரோட இருக்கறவன்கிட்ட இழுக்கறதுக்கு ஒண்ணும் இல்லையே.

கணேசமூர்த்தி: சரி. சரிக்கா. இவ்வளவு நேரமா கான்கிரீட் சீட்டு கேட்டீங்க. காண்ட்ராக்ட்ட விரிச்சீங்க. ஆடு வரைக்கும் போனீங்க, எங்க அப்பாரு வரைக்கும் வந்துட்டீங்க. அந்தக் குழியோட கேசிங் ஃபாரத்த மட்டும் ஏன் கேக்கவே மாட்டேங்கிறீங்க? என்னக்கா? உங்களுக்கும் தண்ணி வேணுமா?

வள்ளிநாயகி: ...எங்க அது?

கணேசமூர்த்தி: இந்தா, சட்டைப் பையிலயே இருக்கு. படிக்கறேன் கேளுங்க. நானும் சத்தமாவே படிக்கறேன். பைல் நம்பர் பதினாலு. கேசிங் இறங்கின ஆழம், பன்னண்டு மீட்டர். கூட நின்னு அளந்து பாத்தவர், வள்ளிநாயகி. கீழ கையெழுத்து. இது யாரு கையெழுத்துக்கா?

திருச்செல்வம்: அன்னிக்கு அக்கா இங்க இல்லையே போஸ்.

கணேசமூர்த்தி: வாய மூடு... இல்ல, பேசு! இப்பப் பேசு. எங்க போனாங்க?

திருச்செல்வம்: பாரோய்க்கு. அவங்க சொந்தக்காரப் பொண்ணு ரதிக்கு வளைகாப்புன்னு காலையிலேயே கிளம்பிட்டாங்க. மறுநாளு எனக்குக்கூட லட்டு குடுத்தாங்க.

கணேசமூர்த்தி: கிளம்பறப்ப காரு கதவ ஒரு கையில பிடிச்சிக்கிட்டு, வெறும் ஃபாரத்துல கையெழுத்துப் போட்டு என் கையில திணிச்சிட்டுப் போனாங்க. 'ஆழத்த நீயே எழுதிக்க மூர்த்தி, எனக்கு நேரமாச்சு'ன்னு. எழுதிக்கிட்டேன்.

வள்ளிநாயகி: பன்னண்டுன்னு.

கணேசமூர்த்தி: பன்னண்டுன்னு. இந்தத் தோட்டத்துல அசால் சியாப் நான் ஒருத்தன் மட்டும் இல்லக்கா.

திருச்செல்வம்: போதும் போஸ், விடுங்க.

கணேசமூர்த்தி: நீ சும்மா இரு. அக்கா, இது மிரட்டல் இல்ல. ஒரே லயத்து ஆளுங்கங்கற உரிமையில சொல்றேன். இன்னிக்குக் கையெழுத்து விழுந்தா ரெண்டு பேருக்கும் நிம்மதி. இல்ல, தோண்டித்தான் பாக்கணும்னா... சேத்தோட சேந்து உங்க பேரும் மேல வரும்.

வள்ளிநாயகி: மிரட்டக்கூட உனக்கு முழுசா வரலடா. அதுலயும் மூணு மீட்டர் குறையுது.

கணேசமூர்த்தி: சிரிக்கிறீங்க?

வள்ளிநாயகி: பையில இவ்வளவு பெரிய ஆயுதத்த வச்சிக்கிட்டு, காலையிலேருந்து இத்தன வசவையும் வாங்கிக்கிட்டு நின்னியே, அத நெனச்சேன். திட்டினதுல பாதி எனக்கு நானே திட்டிக்கிட்டது. நீ என்னமோ பந்தியில உக்காந்தவன் மாதிரி எல்லாத்தையும் நீயே வாங்கிக்கிட்ட.

கணேசமூர்த்தி: அப்போ கையெழுத்து?

வள்ளிநாயகி: திரு, கேட்டுல ஹாரன் சத்தம் கேக்குது. யாருன்னு பாரு.

கணேசமூர்த்தி: கான்கிரீட் லோரி வந்திருச்சு! அக்கா, சீக்கிரம்...

திருச்செல்வம்: லோரி இல்ல போஸ். இஞ்சினியர் காரு. பின்னாடி ஒரு வேனு, அந்த பைலச் சோதிக்கற ஆளுங்க. பெட்டியெல்லாம் இறக்கறாங்க.

கணேசமூர்த்தி: ...அக்கா. நீங்கதான் கூப்பிட்டீங்களா? உங்க பேரும்ல அதுல போகும்! பன்னண்டு வருசத்து வேலக்கா, போயிருமே...

வள்ளிநாயகி: போயிருச்சுடா. வெறும் ஃபாரத்துல கையெழுத்துப் போட்டவ நான்னு மொத வரி, பன்னண்டுன்னு நிரப்பினவன் நீன்னு ரெண்டாவது வரி. ஏழரைக்கே இஞ்சினியர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன். எட்டு மணிக்கு என்னை வேலையிலேருந்து நிறுத்திட்டாங்க. அவங்க வந்து சேர்றதுக்குள்ள நீ எவன் கையெழுத்தையாவது வாங்கி அந்தக் குழிய மூடிரக் கூடாதேன்னுதான் இந்த நாக்காலிய விடாம உக்காந்து வாயாடிக்கிட்டிருக்கேன். ரெண்டு மணி நேரமா நீ கெஞ்சிக்கிட்டு நிக்கறியே ஒரு கையெழுத்து... அது செல்லாது, மூர்த்தி.

அவ்வளவுதான், என் கண்ணுகளா. எழுந்து போகுமுன் இதையும் வாங்கிக்கொள்ளுங்கள்: மழை பெய்யும் நாளில் உங்கள் வீட்டுச் சுவர் ஈரம் காணாதிருக்கட்டும்; வெளியே போன பிள்ளைகள் பசி எடுக்குமுன் வீடு திரும்பட்டும்; உங்கள் உலையில் எப்போதும் ஒரு ஆளுக்குக் கூடுதலாகவே அரிசி கொதிக்கட்டும்.