சத்தம் வராத வண்டி

வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டீர்கள். நல்ல வண்டி சார். வாங்குவதாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் இந்தத் தீவில் அதை வைத்துக்கொள்ளப் பொறுமை வேண்டும். பின்விளக்கு ஒன்று உடைந்தால்கூடச் சென்னையிலிருந்து கப்பலில்தான் வரவேண்டும். கடல் சரியில்லாமல் கப்பல் தள்ளிப்போனால் ஒற்றைக்கண்ணோடு திரியவேண்டியதுதான். உப்புக்காற்று வேறு அடிப்பாகத்தைத் தின்னும். வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் அடியைக் கழுவினால் துரு ஏறாது. நான்தான் கழுவுவேன். வேறு யாரையும் விட்டதில்லை.

அளவில் சின்னது என்பதால் நான் இருக்கும் பத்துபஸ்தி சந்துகளில் சிரமமில்லாமல் திரும்பும். பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் தோள் இடிக்கும். அது ஒரு குறை. மைலேஜ் சுமார். ஆனால் கதவை மூடிப் பாருங்கள், அப்போது தெரியும் எதற்கு இத்தனை விலை என்று. வெளியே மழை கொட்டினாலும், லாரி ஹாரன் அடித்தாலும் உள்ளே ஒன்றும் வராது. இன்னொன்று, பிரேக்கை மிதித்து நிறுத்தினால் எஞ்சின் தானாகவே அணைந்துவிடும். காலை எடுத்தால் மறுபடி தானாகவே ஓடும். முதலில் வண்டி கெட்டுவிட்டதோ என்று பயந்துபோனேன். பிறகு அது பிடித்துவிட்டது. பக்கத்தில் இருப்பவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கும்.

எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு ஏன் நிறுத்தினேன் என்று கேட்கிறீர்கள். ஒழுங்காகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

நான் கச்சால் தீவில் பிறந்தவன். அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். இங்கே கொண்டுவந்து ரப்பர் தோட்டத்தில் விட்டார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு தேவேந்திரன் அண்ணனுடையது. சுனாமி அன்று தண்ணீர் லயத்துக்குள் ஏறியபோது நான் கதவோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்தேன். அண்ணன் ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் வந்ததும் தலைமுடியைப் பிடித்து இழுத்து மேலே ஏற்றினார். என் அம்மா போய்விட்டாள். அண்ணனுடைய மகனும் போய்விட்டான். சின்னப் பையன். அவன் மரத்துக்கு இந்தப் பக்கம் வந்தான், நான் அந்தப் பக்கம். மரத்தைப் பிடித்தது போக அவருக்கு மிஞ்சியது ஒரு கைதான். அது எட்டியது எனக்கு.

அதன் பிறகு எல்லோரும் இங்கே வந்தோம். அண்ணனும் கருப்பாயி அண்ணியும் மகள் சித்ராவும் பெரார்கஞ்சில் ஒரு பாக்குத் தோப்புக்குக் காவலாகப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். நான் தற்காலிக வீடுகள் கட்டும் வேலைக்குக் கூலியாகப் போனேன், பிறகு மேஸ்திரி ஆனேன், பிறகு காண்டிராக்டர். சுகுணாவைக் கட்டிவைத்ததும் அண்ணன்தான். என்னை நல்லபடியாகப் பார்த்தார் சார். அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. நாலு பேர் கூடினால் அந்தக் கதையைச் சொல்வார். கல்யாண வீட்டில், கோயில் திருவிழாவில், எனக்கு வேலை கொடுக்கும் இன்ஜினியர் முன்னால். "முடியப் புடிச்சு இழுத்தேன் பாருங்க, கொஞ்சம் கையோட வந்திருச்சு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அப்போது என் உச்சந்தலையில் கைவைத்து அந்த இடத்தைக் காட்டுவார். எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. இரண்டு மாடி வீடு கட்டிவிட்டேன். அப்போதும் தலையைக் குனிந்துதான் காட்டவேண்டும்.

மகனைப் பற்றி மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. உன்னைப் பிடித்ததால்தான் அவன் போனான் என்று குடித்திருக்கும்போதாவது சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன்.

வண்டி வந்த அன்று துறைமுகத்துக்கு மாலையும் எலுமிச்சம்பழமுமாக வந்து நின்றார். இந்த மாதிரி வண்டி அப்போது ஊரில் வேறு இல்லை. கிளியரிங் ஏஜெண்டின் ஆட்கள், வங்காளிகள், தெலுங்கர்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். சுகுணாவுக்கு முன்னால் அவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். யாரோ ஒருவர் ஹிந்தியில், ஓனர் யார் என்று கேட்டார். அண்ணன் என் தோளைத் தட்டி, தமிழிலும் சொல்லி ஹிந்தியிலும் சொன்னார்.

"வண்டிக்கு ஓனர் இவன். இவனுக்கு ஓனர் நான்."

நல்ல நகைச்சுவை. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து முன்சீட்டைத் துடைத்தேன்.

இனி அந்த நாள். நான் பெரார்கஞ்சுக்குப் போனது நல்ல காரியத்துக்காக. சித்ராவுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. பெண் அழைப்புக்கு வண்டி வேண்டும் என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். கேட்கவில்லை, சொல்லி அனுப்பியிருந்தார். கொடுப்பதாகத்தான் இருந்தேன். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கும்போது தோப்புக்குள்ளிருந்து அண்ணியின் சத்தம் வந்தது.

பாக்குமரம் ஈரமாக இருந்திருக்கிறது. அண்ணன் பாதி உயரத்திலிருந்து வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பில் செருகியிருந்த அரிவாள் தொடையில் இறங்கிவிட்டது. அண்ணி சேலையைக் கிழித்துக் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டியிருந்தார். ரத்தம் அநேகமாக நின்றிருந்தது. கெட்டிக்காரப் பெண்மணி. அக்கம்பக்கத்தவர்கள் தூக்கி வந்தார்கள். யாரோ சாக்கு விரிக்கலாமா என்று கேட்டார்கள். என் சீட்டு பால் நிறம். வேண்டாம், அப்படியே படுக்க வையுங்கள் என்றேன். அதை எல்லோரும் கவனித்தார்கள். அண்ணி இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் அழுகிறார்.

அண்ணியும் ஏறப் பார்த்தார். "அண்ணன் கால நீட்டணும் அண்ணி, இடம் பத்தாது. நீங்க சித்ராவோட ஆட்டோல பின்னாடி வாங்க" என்றேன். முன்சீட்டு காலியாக இருந்ததே என்று நீங்கள் கேட்பீர்கள். காலியாக இல்லை. என் குடை இருந்தது. அப்போதே முடிவு செய்துவிட்டேனா என்றால், இல்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த அவசரத்தில் யாருக்கும் முன்சீட்டு ஞாபகம் வரவில்லை. அந்தப் பக்கம் ஆட்டோ கிடைப்பதற்குள் அரைமணி நேரமாவது ஆகும், அதுவும் எனக்குத் தெரியும்.

நன்றாகத்தான் ஓட்டினேன். குழி மேட்டில் ஏற்றாமல் பதமாக. அண்ணன் பின்னால் பேசிக்கொண்டே வந்தார். வலி பெரிதாக இல்லை, கால் மரத்துவிட்டது என்றார். கல்யாணத்தைத் தள்ளிவைக்க ஏலாது, கட்டுப் போட்டுக்கொண்டாவது நிற்கவேண்டும் என்றார். பிறகு சிரித்தார். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், இவனை நான் இழுத்தேன், இன்றைக்கு இவன் என்னை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று சொல்லப்போவதாகச் சொன்னார்.

அவர் சொல்வார் என்று எனக்குத் தெரியும். டாக்டரிடம் சொல்வார், நர்ஸிடம் சொல்வார், கல்யாணத்தில் மைக்கில்கூடச் சொல்வார். இனி கதை இரண்டு மடங்கு நீளம்.

கடல் ஏறிக் கிடக்கும் வயல்கள் ஒரு இடத்தில் ரோட்டை ஒட்டி வரும். உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுனாமியில் நிலம் தாழ்ந்து, நெல் விளைந்த இடமெல்லாம் உப்புத்தண்ணீர். செத்த தென்னைகள் மொட்டையாக நிற்கும். அங்கே மாடுகள் ரோட்டைக் கடந்தன. பிரேக்கை மிதித்தேன். எஞ்சின் அணைந்தது. உள்ளே அமைதி.

மாடுகள் போய்விட்டன. நான் காலை எடுக்கவில்லை.

கண்ணாடியில் பார்த்தேன். வண்டி ஆட்டத்தில் கட்டு நழுவி முழங்காலுக்கு வந்திருந்தது. சீட்டின் ஓரத்திலிருந்து சொட்டு விழுவது கேட்டது. இந்த வண்டியில் அது கேட்கும். என் கட்டட வேலைகளில் எத்தனையோ பேருக்கு அடிபட்டிருக்கிறது. கட்டை மறுபடி மேலே ஏற்றி இறுக்கினால் போதும் என்று எனக்குத் தெரியும். கை நீட்டினால் எட்டும் தூரம்தான்.

"ஏன் தம்பி நிப்பாட்டுன?" என்றார்.

"ரோடு பிளாக் ஆயிருச்சுண்ணே."

"சரி. பதறாத. மெதுவா போ."

வண்டிக்குள் சூடு ஏறியதும் ஏசிக்காக எஞ்சின் தானாக ஓடத் தொடங்கியது. போகலாமா என்று கேட்பதுபோல. நான் காலை எடுக்கவில்லை. மறுபடி அணைந்தது.

எதிரே பஸ் வந்தது. டிரைவர் இராமகிருஷ்ணன் தெலுங்கர், என்னைத் தெரிந்தவர். பக்கத்தில் நிறுத்தி, என்ன ஆயிற்று தம்பி என்று ஹிந்தியில் கேட்டார். என் பக்கக் கண்ணாடியை நாலு விரல் இறக்கி, "குச் நஹீ" என்றேன், ஒன்றுமில்லை, போன் வந்தது என்று. பின்கண்ணாடி கறுப்பு. அவர் கையைத் தூக்கிவிட்டுப் போனார். அவர்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறார் என்று இப்போது புரிகிறது. அவர் மீது எனக்குக் கோபமில்லை. பார்த்ததைச் சொன்னார்.

கண்ணாடியை ஏற்றிய பிறகு அண்ணன் பேசினார். நாக்கு தடித்திருந்தது. "சீட்டெல்லாம் நாசமாக்கிட்டேன் யோகு. மன்னிச்சுக்க" என்றார்.

கழுவினால் போய்விடும் என்று சொன்னேன். அது பொய்யில்லை. போய்விட்டது.

பிறகு அவருக்கு நினைவு எங்கோ போனது. மகன் பெயரைச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. கையை நீட்டிக் காற்றில் துழாவினார். என் சீட்டின் தலையணையைத் தொட்டார், பிறகு என் தலையை. முடியைப் பிடித்துக்கொண்டார். "புடிச்சிருக்கேன். விடமாட்டேன். பயப்படாத" என்றார். பிடியில் பலமே இல்லை. நான் குனியவில்லை, நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். கை தானாகக் கீழே போகும்வரை காத்திருந்தேன். அதன் பிறகு மூச்சும் கேட்கவில்லை என்று உறுதியானதும் காலை எடுத்தேன். எஞ்சின் உடனே ஓடியது. நம்பகமான வண்டி.

ஆஸ்பத்திரிக்கு மிக வேகமாகப் போனேன். வாசலில் பார்த்தவர்கள் எல்லோரும் அதைச் சொல்வார்கள். என் சட்டையும் நனைந்திருந்தது, தூக்கி இறக்கியது நான்தான்.

நீங்கள் கேஸ் கட்டில் என்னைக் கொலைகாரன் என்று எழுதுவதாக இருந்தால் எழுதுங்கள். ஆனால் நான் அவரை அடிக்கவில்லை, தள்ளவில்லை, கட்டை அவிழ்க்கவில்லை. என் வண்டியில் என் கால் பிரேக் மேல் இருந்தது. அவர் சாகவேண்டும் என்றுதான் அங்கே வைத்திருந்தேன். அதையும் மறைக்கவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள் சார். சித்ரா கல்யாணத்தை நான் நின்று நடத்தினேன். பெண் அழைப்புக்கு இதே வண்டிதான். தோப்புக்காரனிடம் பேசி அண்ணியை வெளியேற்றாமல் வைத்திருக்கிறேன். வாரம் தவறாமல் அரிசி பருப்பு போகிறது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த மனுசன் பெத்த புள்ள மாதிரி தூக்கிட்டு ஓடுனது இவன்தான், சீட்டக்கூடப் பாக்கல என்று சொல்கிறார். எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

அவரிடம் மட்டும் இதைச் சொல்லவேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை. இந்தத் தீவில் என்னை விட்டால் அந்த அம்மாவுக்கு வேறு நாதி கிடையாது.