மலை என்று பெயரிட்டேன்

விசாரணைக்கு வந்தவனுக்குத் தேநீரும் கொடுத்ததற்கு நன்றி, ஐயா. சர்க்கரை சற்று அதிகம். ஆனாலும் தொண்டைக்கு இதமாக இருக்கிறது.

ஆம்புலன்ஸ் அழைப்புகளைப் பெறும் சர்வர்கள் எந்தத் தரவு மையத்தில் இயங்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது என் பணி. திரையில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று முதன்மை இடத்துக்கு; மற்றது, அது விழுந்தால் தாங்கிப் பிடிக்கும் மாற்றிடத்துக்கு. இரண்டும் ஒரே இடமாக இருக்கலாகாது என்பது விதி. எலிகூடத் தன் வளைக்கு இரண்டு வாசல் வைக்கிறது, பாம்பு ஒன்றில் நுழைந்தால் மற்றதன் வழியே தப்பிக்க. நான் இரண்டு வாசலையும் பாம்பு வரும் பக்கமே வைத்தேன்.

காரணம் சிறியதுதான். ஆற்றங்கரைத் தரவு மையத்தில் என் மருமகன் மின்சாரப் பொறுப்பாளர். போதிய சர்வர்கள் இல்லாததால் அதை மூடப்போவதாகப் பேச்சு அடிபட்டது. மூடினால் அவருக்குக் கடல் கடந்த மாற்றல். மகளும் உடன் போய்விடுவாள். மனைவி இறந்தபின் எனக்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான். ஆகவே மலைமேல் உள்ள மையத்தில் வைக்க வேண்டிய சர்வர்களையும் ஆற்றங்கரையிலேயே அமைத்து, அவற்றுக்கு 'மலை' என்று பெயரிட்டேன். சோதிக்க வருபவர்கள் பெயரைத்தான் படிப்பார்கள்; மருமகனும் அந்தப் பெயரையே நம்பினார். எந்த இடம் என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. மையம் பிழைத்தது. மகள் ஞாயிறுதோறும் வந்தாள்.

மூன்றாம் ஆண்டு ஆறு பெருகியது. பிற்பகலில் மருமகன் அழைத்தார்.

"மாமா, தண்ணி ஜெனரேட்டர் ரூம் படி வரைக்கும் வந்துடுச்சு. நீங்க மலைக்கு மாத்திட்டா நான் இங்க அணைச்சுட்டு மாடிக்குப் போயிடுவேன்."

"கொஞ்சம் பொறுங்க மாப்பிள்ளை. மாத்திக்கிட்டுத்தான் இருக்கேன்."

"மலை இன்னும் தூங்குதா? தட்டி எழுப்புங்க மாமா. எனக்கு நீச்சல் தெரியாதுன்னு உங்க பொண்ணு சொல்லலையா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

உண்மையான மலை மையத்தில் புதிய சர்வரைத் தொடங்கப் பன்னிரண்டு நிமிடம் போதும். ஆனால் தொடங்கிய தேதி பதிவாகிவிடும். மூன்றாண்டுப் பொய் வெட்டவெளிச்சமாகும். மகள் முகத்தில் நான் விழிக்க முடியாது. மழை விட்டுவிடும் போலவும் இருந்தது. கை பொத்தானருகே போயிற்று, திரும்பிற்று, மீண்டும் போயிற்று. அப்படியே நாற்பது நிமிடம் கழிந்தது. இடையில் மருமகன் இருமுறை அழைத்தார். "இதோ, ஒரே நிமிஷம்" என்றேன். அதன்பின் அவர் அழைக்கவில்லை.

அன்று ஐந்து மணி நேரம், யார் அழைத்தும் ஆம்புலன்ஸ் நிலையத்தில் மணி அடிக்கவில்லை. இறந்தவர்கள் பதினொருவர் என்கிறீர்கள். மருமகனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தை நான் அழைக்கவில்லை, ஐயா. 'எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேலே போங்கள்' என்று அவரிடம் சொல்லாதவன் மட்டும் நான்தான்.

"அவரு கடைசியா உங்ககிட்டதானேப்பா பேசினாரு? என்ன சொன்னாரு?" என்று மகள் ஒருமுறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை. பேசவும் இல்லை.

இப்போது அவள் என் வீட்டில்தான் இருக்கிறாள், கூப்பிடு தூரத்தில். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. போகப் போகச் சரியாகிவிடும். இனி அவளுக்கும் மாற்றிடம் கிடையாதல்லவா.